சான்றிதழில் ஒரு முக்கோணம்

(பேய்ப் படங்களும், வெட்டுப்பட்ட நிமிடங்களும், அவற்றைத் திரும்பக் கேட்ட ரசிகர்களும்)

- மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பு, இரண்டாம் ஆண்டு மாணவன், மாத்தூர்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, 'கணிப்பொறியின் பயன்கள்' என்றோ 'செயற்கைக்கோள் யுகம்' என்றோ ஏதாவது எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது பேய்ப் படம். சிரிக்காதீர்கள். இதில் நம்ம பாடத்தில் வருகிற ஃபிரேம், சிக்னல், நாய்ஸ் எல்லாமே வருகிறது. கூடவே சட்டமும் வருகிறது. கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப் போகிறேன். அதனால் தயவுசெய்து பாதியில் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

படம் தொடங்கும் முன் சென்சார் சான்றிதழ் என்று ஒன்று வருமே, அதை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. காரணம், இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அப்பாவைப் பொறுத்தவரை "படம் போட்டுட்டான், உட்காரு" என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு, பழைய டிவிடி ஒன்றில் அந்த இடத்தை நிறுத்தி வைத்து நான் வரிவரியாகப் படித்தேன். படத்தின் பெயர், மொழி, எத்தனை ரீல், எத்தனை மீட்டர் நீளம், 'யு'வா, 'யு/ஏ'வா, 'ஏ'யா என்று எல்லாம் அதில் இருக்கிறது. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மூலையில கூம்பு மாதிரி இருக்கே, அது என்னடா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எனக்கும் அப்போது தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில் கிடைத்த பதில் இது. 1983-ம் வருட சான்றளிப்பு விதிகளின்படி, வெட்டுகளோடு அனுமதி பெற்ற படம் என்றால் சான்றிதழின் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் போட வேண்டியிருந்தது. என்னென்ன வெட்டினார்கள் என்ற பட்டியல் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் வந்தது. ஆக, 'நீங்கள் பார்க்கப் போவது முழுப் படம் அல்ல' என்று அரசாங்கமே நமக்கு நேர்மையாகச் சொல்லித்தான் இருக்கிறது. கவனிக்காதது நாம்தான்!

பேய்க்கும் சென்சாருக்கும் உள்ள உறவு நம்ம தமிழ் சினிமாவில் ரொம்பப் பழசு. 1951-ல் வந்த 'மர்மயோகி' எல்லோருக்கும் தெரிந்த எம்.ஜி.ஆர். படம், ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, கே. ராம்நாத் இயக்கியது. தமிழில் முதன்முதலில் 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் அதுதான். ஏதோ ஆபாசம் என்று நினைத்துவிடாதீர்கள். செருகளத்தூர் சாமா பேயுருவில் வந்துபோகும் காட்சிகள்தான் காரணம்! இன்று அந்தப் படத்தைப் போட்டால் எங்கள் தெருவில் எல்.கே.ஜி. படிக்கிற குழந்தைகூட வாயில் மிட்டாயோடு பார்த்துக்கொண்டிருக்கும். பயம் என்பதற்கு ஒரே அளவுகோல் கிடையாது, காலத்துக்குக் காலம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், 'ஏ' படம் பார்க்கலாம். எங்கள் செட்டில் முதல் இரண்டைவிட மூன்றாவதுக்குத்தான் அவசரம் (உண்மையைச் சொன்னால் என்ன?). ஆசையாகப் போய் உட்கார்ந்தால், வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று முத்திரை போட்ட படத்திலேயே கொலைக் காட்சி பாதியில் தாவுகிறது. வசனம் நடுவில் ஊமையாகிறது. 'நீ பெரியவனாயிட்டே, உள்ளே வா' என்று கூப்பிட்டு, உட்கார்ந்ததும் பின்னாலிருந்து கண்ணைப் பொத்துகிற கதைதான். பெரியவர்களுக்கு என்று சொல்லிவிட்ட பிறகு ஏன் வெட்ட வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், இதே கேள்வியை இருபது வருஷம் விடாமல் கேட்ட ஒரு கூட்டம் இங்கிலாந்தில் இருந்தது என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கதைக்குப் போகும் முன் கொஞ்சம் கணக்கு.

வெட்டு என்றால் எவ்வளவு?

முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அதாவது விநாடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. மீட்டரில் சொன்னால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 27.4 மீட்டர். சான்றிதழில் 4000 மீட்டர் என்று போட்டிருந்தால் படம் சுமார் 2 மணி 26 நிமிஷம் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கையில் இருக்கிற டிஸ்க் அதைவிடப் பத்து நிமிஷம் குறைந்தால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது.

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போய்விடாதீர்கள், ஒரு விஷயம் இருக்கிறது. நம்ம ஊர் டி.வி. முறை பால். அது விநாடிக்கு 25 ஃபிரேம். 24 ஃபிரேம் படத்தை அப்படியே 25-ல் ஓட விட்டால் படம் நூற்றுக்கு நான்கு பங்கு சீக்கிரம் முடிந்துவிடும். 90 நிமிஷப் படம் 86 நிமிஷம் 24 விநாடியில் முடியும். குரலும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். ஒரு ஃபிரேம்கூட வெட்டவில்லை, ஆனாலும் மூன்றரை நிமிஷம் காணோம்! இது தெரியாமல் 'நாலு நிமிஷம் வெட்டிட்டான்' என்று கத்திய ரசிகர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மீட்டரைக் கணக்குப் போட்டு, 0.96 ஆல் பெருக்கி, அதன் பிறகும் இடித்தால்தான் வெட்டு.

இன்னொரு அடையாளம் ஒலியில் கிடைக்கும். பிலிம் பிரதியில் படமும் அதற்கான ஒலியும் ஒரே இடத்தில் இருக்காது. புரொஜெக்டரில் படம் காட்டும் இடத்தைத் தாண்டி, 21 ஃபிரேம் தள்ளித்தான் ஒலி படிக்கும் இடம் இருக்கிறது. அதனால் பிரதியை நடுவில் வெட்டி ஒட்டினால் முதலில் படம் தாவும், ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்து ஒலி தாவும். பழைய பிரதியிலிருந்து எடுத்த டிஸ்க்குகளில் இதைக் காது கொடுத்துக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம். எடிட்டிங் மேஜையிலேயே எடுத்துவிட்டு, அதன் பிறகு ஒலி சேர்த்திருந்தால் தெரியாது. அந்த வெட்டு கெட்டிக்காரன் வெட்டு.

விசிடி காலத்தில் வேறொரு கொடுமையும் நடந்தது. ஒரு டிஸ்க்கில் 74 நிமிஷம், மிஞ்சிப் போனால் 80. இரண்டேமுக்கால் மணி நேரப் படத்துக்கு மூன்று டிஸ்க் வேண்டும். மூன்றாவது டிஸ்க் செலவு எதுக்கு என்று பாட்டைத் தூக்கிவிட்டு இரண்டில் அடக்கிய விசிடிகள் எத்தனையோ. இதற்கு எந்தச் சென்சார் அதிகாரியையும் குறை சொல்ல முடியாது!

இங்கிலாந்தில் நடந்தது

இப்போது அந்த ரசிகர்கள் கதைக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வீடியோ கேசட் புதுசு. தியேட்டருக்குச் சென்சார் இருந்தது, கேசட்டுக்குச் சென்சார் சட்டம் எதுவும் கிடையாது. கடைக்காரர்கள் இத்தாலி, அமெரிக்கா என்று கிடைத்த பேய்ப் படம், ரத்தப் படம் எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. 'வீடியோ நாஸ்டி', அதாவது அசிங்க வீடியோ என்று ஒரு பெயரே வைத்தார்கள். அரசு வழக்குத் துறை ஒரு பட்டியல் போட்டது. வெவ்வேறு சமயங்களில் மொத்தம் 72 படங்கள் அதில் ஏறின. அவற்றில் 39 படங்கள் மீதுதான் வழக்கு ஜெயித்தது. ஒரே படத்துக்கு ஓர் ஊர் கோர்ட்டில் தண்டனை, அடுத்த ஊர் கோர்ட்டில் விடுதலை என்றெல்லாம் நடந்தது. கடைக்காரனுக்கு எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்றே தெரியவில்லை. 1984-ல் வீடியோ ரெக்கார்டிங்ஸ் சட்டம் வந்தது. இனி ஒவ்வொரு கேசட்டும் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும் என்றது.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு படம் நமக்கும் நல்ல பழக்கம். சாம் ரெய்மி இயக்கிய 'ஈவில் டெட்' (1981). "தியேட்டர்ல தனியா உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தா பரிசு" என்று நம்ம ஊரில் ஒரு கதை சுற்றியது நினைவிருக்கிறதா? பரிசு வாங்கின ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் அப்பாவும் பார்த்ததில்லை, ஆனால் கதையை மட்டும் அடித்துச் சொல்லுவார். இங்கிலாந்தில் அந்தப் படத்துக்குத் தியேட்டரிலேயே 49 விநாடி வெட்டினார்கள். மேலே போட்ட கணக்குப்படி 1176 ஃபிரேம், 73 அடி 6 அங்குலம். 1990-ல் வீடியோவுக்கு அனுமதி கொடுத்தபோது இன்னும் அதிகமாக வெட்டினார்கள். ஒரு ஃபிரேம்கூடக் குறையாமல் முழுப் படமாக வீட்டுக்கு வந்தது 2001-ல்தான். இருபது வருஷம்!

'எக்ஸார்சிஸ்ட்' கதை இன்னும் வேடிக்கை. 1973-ல் வந்த படம். தியேட்டரில் ஓட்டலாம், தடையே இல்லை. ஆனால் 1988-லிருந்து 1999 வரை இங்கிலாந்துக் கடைகளில் அதன் வீடியோ சட்டப்படி கிடைக்கவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்பதுதான் வாரியத்தின் பயம். 'டெக்சாஸ் செயின் சா மாசகர்' (1974) படமும் அப்படித்தான் காத்திருந்து 1999-ல் வெட்டில்லாமல் அனுமதி பெற்றது.

இதற்கிடையில் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஹாலந்தில் அந்தப் படங்கள் வெட்டில்லாமல் கேசட்டாக வந்தன. ஆங்கில ஒலி, கீழே டச்சு எழுத்து. ஹாலந்தும் பால், இங்கிலாந்தும் பால். அதனால் கேசட் அப்படியே ஓடும். (அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. முறை, 525 வரி. சாதாரண இங்கிலாந்து டெக்கில் போட்டால் படம் உருளும்.) ஒருவர் ஹாலந்துக் கேசட்டை வரவழைத்து, இரண்டு வி.சி.ஆர். வைத்து நண்பருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பார். அவர் இன்னொருவருக்கு. வி.எச்.எஸ். என்பது ஏற்கெனவே 240 வரித் தெளிவுதான். ஒவ்வொரு பிரதியிலும் சிக்னல் குறைந்து நாய்ஸ் கூடும். நான்காவது கைக்கு வரும்போது ரத்தம் எது, சட்டை எது என்று தெரியாது. அப்படியும் அதைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். சுங்கத்தில் பிடிபட்டவர்கள் உண்டு, வீட்டில் சோதனை நடந்தவர்களும் உண்டு.

திருட்டுப் பிரதி எடுத்ததைப் பாராட்டவில்லை. இன்னொன்று செய்தார்கள், அதற்குத்தான் கைதட்டுகிறேன். 'சம்ஹெய்ன்', 'தி டார்க் சைட்' மாதிரியான சிறு பத்திரிகைகளில், எந்தப் படத்தில் எந்தக் காட்சியில் எத்தனை விநாடி போயிற்று என்று எழுதினார்கள். இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து எடுத்த கணக்கு அது. 'எங்கள் படத்தை வெட்டாதே' என்று வெறுமே கத்துவது ஒன்று. 'இந்தக் காட்சியில் இத்தனை விநாடி எடுத்திருக்கிறீர்கள், ஏன்?' என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு வாரியம் பதில் சொல்லியாக வேண்டும்.

நடுவில் ஒரு பெரிய அடியும் விழுந்தது. 1993-ல் லிவர்பூல் பக்கம் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பத்து வயதுச் சிறுவர் இருவர் கொன்றார்கள். வன்முறை வீடியோதான் காரணம் என்று பத்திரிகைகள் ஒரு பேய்ப்பொம்மைப் படத்தின் பெயரைப் போட்டன. அந்தச் சிறுவர்கள் அதைப் பார்த்தார்கள் என்று நிரூபணம் ஆகவே இல்லை. ஆனாலும் 1994-ல் சட்டம் இன்னும் இறுகியது. அப்போது வாய் திறந்து 'வெட்டில்லாத படம் கொடு' என்று கேட்க எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பிறகு வாரியமே பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டு, 2000-ல் புது வழிகாட்டி வெளியிட்டது. சட்டத்துக்கு உட்பட்டது, கெடுதல் செய்யாதது என்றால் வயது வந்தவர் எதைப் பார்ப்பது என்று அவரே முடிவு செய்யலாம் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு பழைய பட்டியல் படங்கள் ஒவ்வொன்றாக முழுசாக வெளியே வந்தன. உச்சக்கட்ட காமெடி 2009-ல். 1984 சட்டத்தைப் பற்றி ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவிக்கவே மறந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். இத்தனை வருஷமும் அந்தச் சட்டத்தை அமல்படுத்தவே முடியாது என்று ஆயிற்று! அவசர அவசரமாக 2010-ல் அதையே திரும்ப நிறைவேற்றினார்கள். நம்ம ஆபீசில் பேப்பர் காணாமல் போனால் மட்டும் என்ன பேச்சுப் பேசுகிறோம்!

கேட்டால் மட்டும் கிடைக்குமா?

அனுமதி கிடைப்பது ஒரு பக்கம். வெட்டிய துண்டு இருக்க வேண்டுமே? இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கிளைவ் பார்க்கர் இயக்கிய 'நைட்பிரீட்' (1990) படத்தை ஸ்டுடியோவே குதறிவிட்டது. பல வருஷம் கழித்து, வெட்டுவதற்கு முந்தைய வடிவம் பழைய வி.எச்.எஸ். கேசட்டில் கிடைத்தது. தெளிவே இல்லாத அந்தக் காட்சிகளையும் சேர்த்து ஒரு முழுப் படம் தயாரித்துத் திரையிட்டார்கள். ரசிகர்கள் 'ஆக்குபை மிடியன்' என்று பெயர் வைத்து இயக்கம் நடத்தினார்கள் (மிடியன் அந்தப் படத்தில் வரும் பூதங்களின் ஊர்). கடைசியில் அசல் பிலிமே தேடிக் கிடைத்து, 2014-ல் இயக்குநர் விரும்பிய வடிவம் டிஸ்க்காக வந்தது. 1981-ல் வந்த 'மை பிளடி வேலன்டைன்' என்ற கனடாப் படத்துக்கும் 2009-ல் சுமார் மூன்று நிமிஷம் திரும்பி வந்தது.

'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' ஏழாம் பாகத்துக்கு (1988) அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெட்டிய காட்சிகள் மங்கிப்போன வீடியோப் பிரதியாக மட்டும் மிஞ்சின. 'ஈவென்ட் ஹொரைஸன்' (1997) இன்னும் மோசம். வீடியோவில் படம் நன்றாகப் போனதும் முழு வடிவம் வெளியிடலாம் என்று தேடினார்கள். ருமேனியாவில் உப்புச் சுரங்கம் ஒன்றில் பிலிம் கிடந்தது, அது கெட்டுப் போயிருந்தது என்று அதன் இயக்குநரே சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் எத்தனை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டாலும் உளுத்துப்போன பிலிமில் உருவம் வராது.

நம்ம கதை இதைவிடச் சோகம். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931). அதில் வெட்டிய காட்சி எங்கே என்று கேட்க வழியே இல்லை. படமே இல்லை!

நம்ம நாட்டில்

இந்தியாவில் படத்துக்கு முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970-ல், கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சினிமா மற்றக் கலைகளைவிட மனசை வேகமாகக் கிளறும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. சான்றிதழ் வாங்கிய பிறகு வெட்டினதைத் திரும்ப ஒட்டிக் காட்டினால் சினிமாட்டோகிராஃப் சட்டம் 7-ம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை. வீடியோவுக்கும் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். டி.வி.யில் 'ஏ' படமே போடக்கூடாது. அதனால் ஒரே படம் தியேட்டருக்கு ஒரு வெட்டு, டி.வி.க்கு இன்னொரு வெட்டு என்று தேய்ந்துகொண்டே போகும். 2023-ல் வந்த திருத்தச் சட்டம் இதற்கு முறைப்படி வழி செய்திருக்கிறது. 'ஏ' படத்தை மாற்றி, டி.வி.க்கென்று தனிச் சான்றிதழ் வாங்கலாம். யு/ஏ-வையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இது நல்ல காரியம் என்றுதான் நினைக்கிறேன். படியை நிறைய வைத்தால் கத்தரிக்கு வேலை குறைய வேண்டும். குறைகிறதா என்று பார்ப்போம்.

கத்தரி சென்சார் கையில் மட்டும் இருந்ததாகவும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து, தமிழ்ப் பெயரோடு 'யு' சான்றிதழும் இருந்தால்தான் கேளிக்கை வரி விலக்கு என்று இருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வரும் வரை இதுதான் நிலைமை. வரி மிச்சமாகும் என்றால் எந்தத் தயாரிப்பாளர் பயங்கரக் காட்சியைக் கட்டிக்கொண்டு அழுவார்? அவரே எடுத்துவிடுவார். அப்படி எடுத்ததற்கு முக்கோணமும் கிடையாது, பட்டியலும் கிடையாது.

இன்னொரு வேதனை. மேல்முறையீட்டுக்கென்று இருந்த தீர்ப்பாயத்தை 2021-ல் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான். அங்கே போக வேண்டியவர் தயாரிப்பாளர். டிக்கெட் வாங்கிய நமக்கு இந்த விவகாரத்தில் இடமே இல்லை.

அதனால் நம்ம நாட்டுப் பேய்ப் படத்தை நல்ல பிரதியில் பார்க்க வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பம்பாய் ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984) போன்ற படங்களைத் தேடிப் பிடித்து, முதலில் டிவிடியாகவும் பிறகு புளூ-ரேயாகவும் போட்டது 'மாண்டோ மகாப்ரோ' என்ற வெளிநாட்டு நிறுவனம். 2023-ல் விஜய் நடித்த 'லியோ' வந்தபோது என்ன நடந்தது என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். அது பேய்ப் படம் இல்லை, ஆனால் விஷயம் இதேதான். இங்கே யு/ஏ-வுக்காக வெட்டுகளோடு வந்தது. இங்கிலாந்தில் வெளியிட்ட நிறுவனமோ, ஒரு வெட்டும் இல்லாமல் போடுகிறோம் என்று அறிவித்தது. நம்ம பசங்க எல்லாம் வயிற்றெரிச்சலோடு அதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு காலத்தில் 49 விநாடிக்காக இருபது வருஷம் காத்திருந்த நாடு, இன்று நம்ம தமிழ்ப் படத்தை முழுசாகப் பார்க்கிறது. மாத்தூரில் இருக்கிற நான் குறைச்சலாகப் பார்க்கிறேன்!

இவ்வளவும் பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் தப்பு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பெரியம்மா மகன் ஒரு டிஸ்க் கொண்டுவந்தான். பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லை. நான், அவன், ஆறு வயதுத் தங்கச்சி. வெட்டே இல்லாத வெளிநாட்டுப் பேய்ப் படம். அண்ணன் சிரித்துச் சிரித்துப் பார்த்தான். நானும் வீரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தங்கச்சிக்கு ராத்திரி காய்ச்சல் வந்தது. மூன்று நாள் இறங்கவில்லை. பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டாள். அம்மா திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் விபூதி வைத்துவிட்டு வந்தாள். என்ன படம் பார்த்தோம் என்று நான் வாயே திறக்கவில்லை. அந்த உறையில் பதினெட்டு என்று வட்டம் போட்டு ஆங்கிலத்தில் எச்சரிக்கை இருந்தது. எங்களில் யாருக்கும் அது எழுத்தாகவே தெரியவில்லை.

ஆகவே அந்த இங்கிலாந்து வாரியத்தின் பயம் பொய்ப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு என்பது தியேட்டர் இல்லை, வாசலில் டிக்கெட் கிழிப்பவர் கிடையாது. ஆனால் அந்த ராத்திரிக்கு மருந்து கத்தரியா? பெரியவர்களுக்கான படத்தில் ஒரு நிமிஷம் வெட்டியிருந்தாலும் தங்கச்சி மிச்சத்தைப் பார்த்துப் பயந்திருப்பாள். உறையில் தமிழில் கொட்டை எழுத்தில் 'குழந்தைகள் பார்க்கக் கூடாது, பயங்கரக் காட்சிகள் உண்டு' என்று இருந்திருந்தால் நானே தடுத்திருப்பேன். தடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லா வெட்டும் தப்பு என்ற கட்சியும் எனக்கு இல்லை. 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980) என்ற இத்தாலியப் படத்தில் நிஜமாகவே மிருகங்களைக் கொன்று படம் எடுத்தார்கள். 2011-ல் இங்கிலாந்து வாரியம் மற்ற எல்லாக் காட்சிகளையும் விட்டுக்கொடுத்து, ஒரு சின்னக் காட்டு மிருகத்தைக் கொல்லும் 15 விநாடியை மட்டும் வெட்டியது. அதில் நான் வாரியத்தின் பக்கம். சாயத்தை ரத்தமாகக் காட்டுவது நடிப்பு. அந்த மிருகத்துக்கு அது நடிப்பு இல்லை. சில ரசிகர்கள் அதற்கும் 'அன்கட்' கேட்டார்கள். கேட்கட்டும், நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்களிடம் கேட்கும் வேலை

'யார்' (1985), '13-ம் நம்பர் வீடு' (1990), 'உருவம்' (1991) என்று நம்ம அப்பா, மாமா காலத்தில் எத்தனையோ தமிழ்ப் பேய்ப் படங்கள் வந்தன. முழுப் படத்தைக் கேட்பதற்கு முன், முழுப் படம் எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரிய வேண்டும். இங்கிலாந்து ரசிகர்கள் கடிகாரத்தோடு உட்கார்ந்த மாதிரி நாமும் உட்காரலாம்.

வீட்டில், பரணில், மூடிக் கிடக்கும் கேசட் கடைக்காரரிடம் பழைய தமிழ்ப் பேய்ப் பட டிஸ்க்கோ கேசட்டோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் டெக்கில் போடவே வேண்டாம், ஹெட் போய்விடும்; அப்படியே எடுத்து வையுங்கள். டிஸ்க் என்றால் சான்றிதழ் வரும் இடத்தில் நிறுத்தி, படத்தின் பெயர், வருஷம், சான்றிதழ் வகை, ரீல், மீட்டர், இடது கீழ் மூலையில் முக்கோணம் உண்டா இல்லையா, கையில் இருக்கும் பிரதி எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிரதி எடுக்கச் சொல்லவில்லை, குறிப்பு மட்டும் போதும். 0.96 பெருக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதுவரை என்னிடம் பதினொரு படங்களின் குறிப்பு சேர்ந்திருக்கிறது. நாலு படத்தில் கணக்கு இடிக்கிறது. அதில் ஒன்று இருபத்திரண்டு நிமிஷம் குறைகிறது, பாட்டா பயமா எதைத் தூக்கினார்கள் என்று இன்னும் பிடிபடவில்லை. அப்பா இப்போதெல்லாம் டி.வி.யில் எந்தப் பழைய படம் தொடங்கினாலும், "டேய், கூம்பு இருக்கு, எழுதிக்கோ" என்று குரல் கொடுக்கிறார். தாளை மதிய இடைவேளையில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் என்னிடம் கொடுக்கலாம். நான் இல்லாவிட்டால் லேப் அட்டெண்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.